அலாரம் மாட்ட வேண்டியது யார்?

"மிஸ்டர் கிரிம்ஷா, இந்த வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரத்தை எங்க மாட்டியிருக்கீங்க?"

ரோலண்ட் கிரிம்ஷா அப்போதுதான் பொரித்த மீனில் ஒரு துண்டைக் குத்தி வாயருகே கொண்டு போயிருந்தார். துண்டு அங்கேயே நின்றது. சாப்பிடும் நேரத்தில் போனை எடுத்தது தன் தப்புதான் என்று நொந்துகொண்டார்.

"என்ன அலாரம்?"

"குளிர்காய கேஸ் கணப்பு எரியற அறையில மாட்டற அலாரம். முன்னறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் தேடிட்டேன். காணோம்."

பேசியது ஹெதர் கென்யன். பர்ன்லி ஊரில் ரோலண்டின் சொந்த வீட்டில் இலையுதிர் காலத்திலிருந்து வாடகைக்குக் குடியிருப்பவள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. பல்லுக்குப் பயந்து வராமல் போகிறவர்களின் சாக்குகளை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, அவள் குரல் எதையும் நம்பாத குரலாக ஆகியிருந்தது.

"மிஸஸ் கென்யன், கேஸ் கசிஞ்சா நாறும். கடவுள் மூக்கு குடுத்திருக்காரு. அலாரம் எதுக்கு?"

"இது அந்த கேஸ் இல்ல. கணப்பு சரியா எரியலைன்னா வர்ற வாயு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூக்கு பாட்டுக்கு மூக்கா இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க."

"அந்தக் கணப்பு முன்னாடி நான் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கேன். இருக்கேனே."

"அது உங்க அதிர்ஷ்டம். சட்டம் அதிர்ஷ்டத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. வாடகைக்கு விடற வீட்டுல அலாரம் மாட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்புன்னுதான் சொல்லுது. நான் குடிவந்த அன்னிக்கே அது வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்த்திருக்கணும் நீங்க."

"பார்க்கிறேன்."

"எப்போ?"

"பார்க்கிறேன்னா பார்க்கிறேன்னுதான் அர்த்தம்."

போனை வைத்துவிட்டு ரோலண்ட் மீனைத் தின்றார். அவர் சட்டத்துக்குப் பயப்படாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலையிலிருந்த காலம் முழுவதும் கார் ஓட்டும் பரீட்சை நடத்தியவர். கோட்டின் மேல் அரைச் சக்கரம் பட்டதற்கெல்லாம் ஃபெயில் போட்டு, கல்யாணம் ஆகப்போகிற பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று பாகுபாடு இல்லாமல் அழவிட்டவர். சட்டம் மற்றவர்களுக்கு நல்லது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னார். பர்ன்லி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மோர்கம் ஊரில் கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். தன் வீட்டை வாடகைக்கு விட அவர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. தானே போன் பேசி, தானே தட்டிக்கழித்தார். தான் குடியிருந்த ஃபிளாட்டோ ஒரு ஏஜென்சி மூலம் வந்தது. அங்கே ஜோஸி என்று ஒரு பெண். ஓனர் யாரென்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

மீன் முடிந்தது. குளிராக இருந்தது. எழுந்து போய்த் தன் கணப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக, சோம்பேறித்தனமாக ஆடியது. இதுவரை அதை அழகு என்றே நினைத்திருந்தார். இன்று அழகாகத் தெரியவில்லை.

சுவரைப் பார்த்தார். ஒரு கப்பல் படம். போன வருஷத்துக் காலண்டர். ஈரம் படர்ந்த இடம். அலாரம் இல்லை.

உடனே ஜோஸிக்குப் போன் போட்டார்.

"ஜோஸி, என் ஃபிளாட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்ல."

"அப்படியா கண்ணு?" ஜோஸி எல்லோரையும் கண்ணு என்பாள். வாயில் எப்போதும் ஒரு பிஸ்கட் இருக்கும். "கேஸ் கசிஞ்சா நாறுமே."

"இது அந்த கேஸ் இல்ல. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூக்கு பாட்டுக்கு மூக்கா இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. வாடகைக்கு விடற வீட்டுல அலாரம் மாட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. சட்டம்."

"நல்லா விவரமா பேசறீங்களே. ஓனர்கிட்ட சொல்றேன்."

மறுநாள் ஜோஸி கூப்பிட்டாள். "ஓனர்கிட்ட பேசிட்டேன் கண்ணு. பார்க்கிறேன்னாங்க."

"எப்போ?"

"பார்க்கிறேன்னா பார்க்கிறதுதானே."

ரோலண்ட் போனை வைத்துவிட்டு அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எப்படிப்பட்ட ஜென்மங்கள் எல்லாம் வீட்டை வாடகைக்கு விடுகின்றன என்று கப்பல் படத்திடம் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் ஜோஸி ஒரு பதிலோடு கூப்பிட்டாள். "ஓனர் சட்டத்தைப் படிச்சுப் பார்த்தாங்களாம். சமையல் அடுப்புக்கு அலாரம் தேவையில்லன்னு அதுலேயே விலக்கு இருக்காம்."

"எனக்கிருக்கிறது கணப்பு. அடுப்பு இல்ல."

"அடுப்பும் இருக்குல்ல?"

ரோலண்டுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கொதிப்புக்கு நடுவிலும் அந்தச் சாக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. நறுக்கென்று இருந்தது, சட்டத்தின் வாசனை வேறு அடித்தது. அன்று மாலையே ஹெதர் கூப்பிட்டபோது அதை எடுத்து நீட்டினார்.

"மிஸஸ் கென்யன், சட்டத்தை அரைகுறையாப் படிக்கக் கூடாது. சமையல் அடுப்புக்கு அலாரம் வேண்டாம்னு அதுலேயே விலக்கு இருக்கு."

"அந்த விலக்கு உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்குத் தெரியாத சட்டமா?"

"இருக்கட்டும். நான் கணப்புல சமைக்கிறதில்ல மிஸ்டர் கிரிம்ஷா. நீங்க சமைச்சுக்கிட்டு இருந்திருந்தா அது உங்க பழக்கம்."

மறுநாள் காலையில் ஏஜென்சி திறந்ததும் திறக்காததுமாக ஜோஸியைக் கூப்பிட்டார்.

"நான் கணப்புல சமைக்கிறதில்லன்னு உங்க ஓனர்கிட்ட சொல்லுங்க. அவங்க அதுல சமைப்பாங்கன்னா அது அவங்க பழக்கம்."

ஜோஸி சிரித்த சிரிப்பில் பிஸ்கட் புரையேறியது. "உங்க நாக்குக்கு வரி போடணும் கண்ணு."

ரோலண்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வாக்கியம் தன்னுடையது என்றே அதற்குள் நம்பத் தொடங்கியிருந்தார்.

அதன் பிறகு அவருக்குச் சிரமமே இல்லை. ஹெதர் திட்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், ஓனரைத் திட்ட உதவும் என்று. ஓனர் மழுப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார், ஹெதரிடம் மழுப்ப உதவும் என்று.

ஆனாலும் ஹெதர் விடுவதாக இல்லை. கடைசியில் ரோலண்ட் தன் அலமாரியைக் குடைந்ததில் ஒரு பழைய புகை அலாரம் அகப்பட்டது. வட்டமாக இருந்தது, வெள்ளையாக இருந்தது, அமுக்கினால் கத்தியது. வேறென்ன வேண்டும்? தபாலில் அனுப்பிவைத்தார்.

"இது புகை அலாரம்," என்றாள் ஹெதர்.

"அலாரம் அலாரம்தானே."

"ரொட்டி கருகினா கத்துது. வாயு வந்தா இதுவும் என்கூடச் சேர்ந்து தூங்கும். ரெண்டு பேரையும் சேர்த்துப் புதைப்பீங்களா?"

"பேட்டரி புதுசு போட்டுத்தான் அனுப்பினேன்," என்றார் ரோலண்ட், அடிபட்ட குரலில்.

அதே சமயத்தில் மோர்கமில் அவருக்கு ஒரு வெற்றி கிடைத்தது. ஏஜென்சியிலிருந்து ஓர் ஆள் வந்து, கணப்புக்குப் பக்கத்தில் அலாரம் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். ஓனர் கொடுத்தனுப்பியதாம். நல்ல ரகம்தான், கார்பன் மோனாக்சைடு என்றே எழுதியிருந்தது. ரோலண்ட் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்து ரசித்தார்.

அது "கீக்" என்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "கீக்" என்றது. விக்கல் எடுத்த கோழிக்குஞ்சு மாதிரி.

"அது ஆயுசு முடிஞ்ச அலாரம் கண்ணு," என்றாள் ஜோஸி. "காலம் முடிஞ்சா அப்படித்தான் கீக்கீக்குன்னும். ஓனர் எங்கேயோ பழைய சாமான்ல இருந்து எடுத்திருக்காங்க."

"பழைய சாமானை என் தலையில கட்டினாங்களா? கெட்டுப்போச்சுன்னு சொன்னா மாத்திக் கொடுக்கணும். அதுவும் சட்டம்தான்."

"சொன்னேனே. மாத்தற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொன்னாங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஜன்னலைத் திறந்து வைப்பது. இது தனக்குத் தோன்றவில்லையே.

"நவம்பர் மாசம்," என்றாள் ஹெதர் அன்று மாலை, ஒவ்வொரு சொல்லாக. "பர்ன்லியில. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு கணப்பு போடணும். நீங்க வந்து அப்படி உட்காருங்க, நான் பக்கத்துல கோட்டு போட்டுக்கிட்டு நின்னு பார்க்கிறேன்."

அதையும் அவர் ஜோஸியிடம் சேர்ப்பித்தார், கோட்டு உட்பட.

அலாரம் மட்டும் ஓயவில்லை. பேட்டரியைக் கழற்றலாம் என்று பார்த்தால் கழற்ற முடியாதபடி உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். சுவரிலிருந்து பிடுங்கித் துண்டில் சுற்றினார். கீக். துண்டோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். கீக், இப்போது கொஞ்சம் எதிரொலியோடு. டப்பாவைக் கொண்டுபோய்க் கணப்புக்கு மேலே, புகைபோக்கியை ஒட்டிய பழைய மாடத்துக்குள் தள்ளி, மேலே இரண்டு தலையணைகளை அடைத்தார். சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. புகைபோக்கி வழியாக அது நேராகக் கீழ்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கீழ்வீட்டுக்காரருக்கு இளகிய மனசு. புகைபோக்கியில் ஒரு பறவை மாட்டிக்கொண்டு உயிருக்குத் தவிக்கிறது என்று பிராணிகள் காப்பகத்துக்குச் சொல்லிவிட்டார்.

வந்தவள் ஆஜானுபாகுவான ஒரு பெண்மணி. தோளில் நீளநீளமான கம்பிகள்.

"உங்க புகைபோக்கியில பறவை மாட்டியிருக்காமே."

ஓர் அலாரத்தைப் பிஸ்கட் டப்பாவில் அடைத்துத் தலையணையால் அமுக்கியிருக்கிறேன் என்று ஒரு முன்னாள் பரீட்சை அதிகாரி எப்படிச் சொல்வது?

"இருக்கலாம்," என்றார்.

அவள் தரையில் துணி விரித்து, மண்டியிட்டு, கம்பியை மேலே விட்டாள். கொஞ்சம் கரி விழுந்தது. பிறகு ஒரு குச்சி. பிறகு ஒரு கை நிறையக் குச்சிகள், கம்பளி நூல், ஐஸ்கிரீம் காகிதம். பிறகு கூடை கூடையாகக் குச்சிகள். துணி போதாமல் கம்பளத்தின் மேலும் கொட்டியது. பறவை மட்டும் வரவில்லை.

அவள் கையை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கணப்பை எரிக்கிறீங்களா?"

"தினமும்."

"தலைவலி இருக்கா?"

"கொஞ்சம். கடல் காத்து ஒத்துக்கல போலிருக்கு."

"கடல் காத்து இல்ல. வசந்தத்துல காக்கா கட்டின கூடு, புகைபோக்கியை அடியிலேர்ந்து நுனி வரைக்கும் அடைச்சுக்கிட்டு இருக்கு. வாயு வெளிய போக வழியே இல்ல, அத்தனையும் உங்க அறைக்குள்ளதான் வந்திருக்கு. உங்க ஜன்னல் சரியா மூடாத ஜன்னலா?"

"காத்து சீட்டியடிக்கும்."

"அந்த சீட்டியாலதான் என்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பறவைக்கும் நன்றி சொல்லுங்க. அது கத்தலேன்னா யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

அந்தச் சமயம் பார்த்து மாடத்துக்குள்ளிருந்து "கீக்" என்றது. அவள் எழுந்தாள். தலையணைகளை எடுத்தாள், டப்பாவைத் திறந்தாள், துண்டைப் பிரித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பறவைகளைத் துன்புறுத்துகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. இந்த மாதிரி ஆளை அவை இதுவரை பார்த்திருக்கவில்லை. கணப்பின் கேஸ் குழாயைத் திருகி மூடினாள். கேஸ்காரர் வந்து பார்க்கும் வரை தொடக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

ரோலண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு குச்சிக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தார். தான் செத்துப்போயிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று யோசித்தார். ஜோஸிதான் வாடகைக்காகக் கூப்பிட்டிருப்பாள். எடுக்கவில்லை என்றதும் இன்னொரு பிஸ்கட்டைக் கடித்திருப்பாள். மனைவி இருந்த காலத்தில் வருஷம் தவறாமல் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுவாள். அவள் போன பிறகு பர்ன்லி வீட்டில் யாருமே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கணப்பின் முன்னால் இந்நேரம் ஹெதர் உட்கார்ந்திருப்பாள்.

அவளை நினைத்துக் கவலை வந்தது. அந்த உணர்ச்சி அவருக்குப் பழக்கமில்லாததால் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்லவேளையாகக் கோபம் வந்தது. கோபம் பழக்கமானது. எழுந்து நகராட்சிக் கவுன்சிலுக்குப் போன் போட்டு ஓனர் மேல் புகார் கொடுத்தார்.

"ஒரு சின்னப் பெட்டிங்க," என்றார் கவுன்சில் அதிகாரியிடம். "கைக்குள்ள அடங்கற பெட்டி. அதை மாட்டறதுக்கு வலிக்குதுன்னா, அந்த ஆள் மனுஷ ஜென்மமா? இப்படிப்பட்டவங்களுக்கு வீட்டை வாடகைக்கு விடற உரிமையே இருக்கக் கூடாது. அபராதம் போட்டு, பேரை ஊரெல்லாம் ஒட்டணும்."

அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஓனருக்கு நோட்டீஸ் போகும், நேரில் வந்தும் பார்ப்போம் என்றார்.

ரோலண்ட் போனை மேஜையில் வைத்ததும் அது அடித்தது.

"மிஸ்டர் கிரிம்ஷா, மரியாதைக்கு முன்கூட்டியே சொல்லிடறேன். உங்க மேல இங்க கவுன்சில்ல புகார் கொடுத்திருக்கேன். நாளைக்கு அதிகாரி வர்றாங்க."

"மிஸஸ் கென்யன்," என்றார் ரோலண்ட், நெஞ்சில் கை வைத்து, "கொஞ்சம் மனுஷத்தன்மையோட யோசிங்க. ஒரு சின்னப் பெட்டிக்காக ஒரு வயசான மனுஷனைக் கவுன்சில் வரைக்கும் இழுக்கலாமா?"

"சின்னப் பெட்டிதானே, மாட்டியிருக்கலாமே. என்கிட்ட வாதாடாதீங்க, எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல தொல்லை. உங்களுக்கு மட்டும்தான் தொல்லைன்னு நினைக்காதீங்க." போனை வைத்துவிட்டாள்.

அன்று ரோலண்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் நேராகக் கடைக்குப் போனார். இருந்ததிலேயே நல்ல அலாரமாக ஒன்றை வாங்கினார். தேதி பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திற்று. அதிகாரி வருவதற்குள் பர்ன்லிக்குப் போய் மாட்டிவிட வேண்டும். புகைபோக்கிக்கு ஓர் ஆளையும் சொல்லிவிட வேண்டும் என்று வழியில் முடிவு செய்தார். அதை யாருக்குப் பயந்து முடிவு செய்தார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அலாரம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. சின்னப் பெட்டிதான். இதற்கா இத்தனை நாள் என்று ஒரு முறை தோன்றியது. அதற்குள் முன்னால் போன லாரிக்காரன் சைகை காட்டாமல் திரும்பவே, மனசுக்குள் அவனுக்கு ஃபெயில் போட்டு ஆறுதல் அடைந்தார்.

நெடுஞ்சாலையில் ஜோஸி கூப்பிட்டாள்.

"நோட்டீஸ் வரும்னு கவுன்சில்லேர்ந்து சொன்னதும் ஓனர் ஆடிப்போயிட்டாங்க கண்ணு. இன்னிக்கே புது அலாரம் மாட்டிடறதா சொல்லிட்டாங்க. வீட்டுல இருப்பீங்கல்ல?"

"இருக்க மாட்டேன். எனக்கு வெளியூர்ல முக்கியமான வேலை. பூட்டின கதவைப் பார்த்துட்டுப் போகட்டும், அப்பவாவது புத்தி வரட்டும்," என்று சொல்லி ரோலண்ட் நிம்மதியாகச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பர்ன்லியில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பெட்டியும் கையுமாக இறங்கிக் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. மணியை அடித்தார். கடிதம் போடும் துவாரத்தைத் தூக்கி, "மிஸஸ் கென்யன், அலாரம் கொண்டு வந்திருக்கேன், நல்ல அலாரம்," என்று உள்ளே குரல் கொடுத்தார். முன்னறை ஜன்னல் மட்டும் அகலத் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பெரில் ஹோல்ட் வெளியே வந்தாள். அவர் கல்யாணம் செய்துகொண்டு இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி. அவரிடம் கார் பரீட்சைக்குப் போய் ஒவ்வொரு தடவையும் ஃபெயிலாகி, கடைசியில் வெறுத்துப்போய் சைக்கிள் வாங்கியவள்.

"கதவை ஏன் உடைக்கிற ரோலண்ட்? ஹெதர் இல்ல."

"எப்ப வருவாங்க? அதிகாரி வர்றதுக்குள்ள நான் இதை மாட்டியாகணும்."

"பொழுது சாஞ்சுதான் வருவா. அதிகாரியையும் அப்பதான் வரச் சொல்லியிருக்கா. அவளும் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு காலையிலேயே காரை எடுத்துக்கிட்டுப் பறந்தா."

"இதே பெட்டியா? எங்க?"

"மோர்கமுக்கு. அங்க கடலைப் பார்த்த மாதிரி மேல்மாடி ஃபிளாட் ஒண்ணு அவளுக்குச் சொந்தமா இருக்கு, ஏஜென்சி மூலமா வாடகைக்கு விட்டிருக்கா. அதுல இருக்கிற கெழவன் கவுன்சில்ல புகார் குடுத்துட்டானாம்," என்ற பெரில், கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தாள். "பாவம் அந்தப் பொண்ணு, உன்னை மாதிரி ஒரு வீட்டுக்காரன்கிட்டயும் மாட்டிக்கிட்டு, அவனை மாதிரி ஒரு குடித்தனக்காரன்கிட்டயும் மாட்டிக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறாளோ."